குப்பைக்கிடங்கு: மாநிலம் தீர்மானித்தால் என்ன, உள்ளாட்சி தீர்மானித்தால் என்ன?

குப்பைக்கிடங்குக்கு இடம் தேரும் அதிகாரம் மாநில அரசுக்கா, உள்ளாட்சிக்கா என்ற கேள்வி எழுந்தால், தோழர்கள் பலர் தயங்காமல் உள்ளாட்சியின் பக்கம் நிற்கின்றனர். அந்த விடை நமக்குப் போதாது. அமெரிக்காவின் இரு நிகழ்வுகள் அதைத் தெளிவாக்குகின்றன.

1978இல் வட கரோலினா மாநிலத்தின் சாலையோரங்களில், சுமார் 240 மைல் நீளத்துக்கு, பிசிபி என்னும் நச்சுப்பொருள் கலந்த எண்ணெய் திருட்டுத்தனமாகக் கொட்டப்பட்டது. நஞ்சேறிய மண்ணைப் புதைக்க மாநில அரசு தேர்ந்தெடுத்த இடம், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த வாரன் கவுண்டி. புதைகுழிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே 50 அடி இடைவெளி வேண்டும் என்ற விதி அந்த இடத்துக்காகவே தளர்த்தப்பட்டது. கவுண்டி நிர்வாகம் தடை விதித்துச் சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்குமான நச்சுப்பொருள் சட்டத்தின் முன் அது செல்லாது என 1981இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1982 செப்டம்பரில் லாரிகள் வந்தபோது மக்கள் சாலையில் படுத்து மறித்தனர். 500க்கும் மேற்பட்டோர் கைதாயினர். மண் அங்கேயே புதைக்கப்பட்டது.

இங்கே உள்ளாட்சி மக்களோடு நின்றது, மாநிலம் மிதித்தது. ஆனால் டெக்சாஸின் ஹூஸ்டன் நகரத்தில் இடம் தேர்ந்தது நகராட்சியே. நகர மக்களில் ஏறத்தாழக் கால் பங்கினரே கறுப்பினத்தவர். ஆயினும் 1920கள் முதல் 1970கள் வரை நகராட்சிக்குச் சொந்தமான 5 குப்பைக்கிடங்குகளும், 8 எரிப்பாலைகளில் 6உம் அவர்களது குடியிருப்புகளிலேயே இருந்தன. சமூகவியலாளர் ராபர்ட் புல்லார்ட் 1979ஆம் ஆண்டு வழக்கு ஒன்றுக்காகத் திரட்டிய சான்று இது. அவ்வழக்கில், ஒரு பள்ளிக்கு அருகே கிடங்கு அமைக்க அனுமதித்ததை நீதிபதியே வருந்தத்தக்கதாகக் கருதினார். எனினும் பாகுபாடு காட்டும் நோக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று தடையுத்தரவை மறுத்தார்.

நம் ஊராட்சிகளும் குப்பையை 'ஊருக்கு வெளியே'தான் கொட்டுகின்றன. அந்த வெளியில் சேரி இருக்கிறது என்பது மட்டும் தீர்மானத்தில் எழுதப்படுவதில்லை.

நம் சட்டநிலையைப் பார்ப்போம். திடக்கழிவு மேலாண்மை என்ற சொற்றொடர் அரசமைப்பின் 12ஆம் அட்டவணையில், நகராட்சிகளின் பொறுப்பாக இடம்பெறுகிறது. ஊராட்சிகளுக்கான 11ஆம் அட்டவணையில் அது இல்லை. குப்பை நகரத்தினுடையது, நிலம் கிராமத்தினுடையது! 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் நிலத்தை அடையாளம் காணும் பணியை மாவட்ட ஆட்சியரிடம் அளித்தன. ஆற்றிலிருந்து 100 மீட்டர், குடியிருப்பிலிருந்து 200 மீட்டர் என்று தொலைவை வகுத்தன. அக்குடியிருப்பில் வாழ்பவர் யார் என்று கேட்கவில்லை; கிராமசபையின் ஒப்புதலையும் கட்டாயமாக்கவில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(சி) பிரிவு, பட்டியல் சாதியினரின் சுற்றுப்புறத்தில் கழிவைக் கொட்டுவதைக் குற்றமாக்குகிறது. ஆனால் துன்புறுத்தும், இழிவுபடுத்தும் அல்லது தொல்லை தரும் நோக்கத்தோடு கொட்டியிருக்க வேண்டும். ஹூஸ்டனில் குறுக்கே நின்ற அதே சொல். கோப்பில் பத்துக் கையொப்பம் இருக்கும்; எவருடைய நோக்கமும் இராது.

வாரன் போராட்டத்துக்குப் பின் 1983இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு எவருடைய உள்ளத்தையும் ஆராயவில்லை. தென்கிழக்கு மாநிலங்கள் எட்டில் இருந்த 4 நச்சுக்கழிவுக் கிடங்குகளை எண்ணியது. மூன்று, கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழ்ந்த பகுதிகளில் இருந்தன. நாமும் எண்ணத் தொடங்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், தேர்வான இடத்தின் கோப்பை மட்டும் கேட்காதீர்கள். பரிசீலித்துக் கைவிட்ட இடங்களின் பட்டியலையும், ஒவ்வொன்றும் கைவிடப்பட்ட காரணத்தையும் கேளுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவ்வூருக்குரிய பட்டியல் சாதியினர் எண்ணிக்கையை எழுதுங்கள். மாவட்டம் முழுமைக்கும் அப்படியொரு பட்டியல் ஆயத்தமானால், அதுவே ரிட் மனுவின் முதல் இணைப்பு.