வீட்டுக் கீபோர்டில் ஒலி மங்குகிறதா?

தேக்கா இசை வகுப்பில் பிள்ளை சீராக வாசித்த பாடல், வீட்டுக் கீபோர்டில் அங்கங்கே மங்கிக் கேட்கலாம். குறை விரலில் அல்ல, கருவியின் அமைப்பில் இருக்கலாம்.

1983ல் அறிமுகமான ‘மிடி’ முறை, விசை இறங்கும் வேகத்தை 1 முதல் 127 வரையிலான எண்ணாக அனுப்புகிறது. அந்த எண் கூடக்கூட ஒலியும் பலக்கும்.

பல கீபோர்டுகளில் ‘டச்’ என்ற பகுதியில் இதை மாற்றலாம். ‘சாஃப்ட்’ வைத்தால் லேசாகத் தொட்டாலே பலத்த ஒலி வரும். ‘ஹார்ட்’ வைத்தால் வேகமாக அழுத்தவேண்டும். ‘ஃபிக்ஸ்ட்’ வைத்தால் எல்லாச் சுரமும் ஒரே அளவில் ஒலிக்கும். மென்மையும் அழுத்தமும் பழக அது உதவாது.

வீவக வீட்டில் அண்டை வீட்டாருக்காக ஒலியைக் குறைக்க ‘ஹார்ட்’டுக்கு மாற்றவேண்டாம், ஹெட்ஃபோன் போதும். வீட்டில் விரல் பழகுவதே மேடையிலும் வரும்.