திரும்பி வருவது எது?

ஆடிக் காற்று திண்டுக்கல் சமவெளியில் முதலில் கை வைப்பது முருங்கை மரத்தில்தான். மளுக்கென்று ஒரு கிளை முறிந்து விழும். மறுநாள் காலையில் அதிலிருந்து மூன்று நாலடி நீளத்துக்குத் திரட்சியான துண்டாகப் பார்த்து நறுக்குவார்கள். மேல் வெட்டில் சாணியை அப்பி, வேலியோரம் குழி தோண்டி நட்டுவிடுவார்கள். போத்து நடுவது என்று இதற்குப் பெயர். சில வாரங்களில், செத்த கட்டை போலக் கிடந்த பட்டையைப் பிளந்துகொண்டு நகக்கண் அளவில் ஒரு பச்சை முளை எட்டிப் பார்க்கும். வேரும் இல்லாத இலையும் இல்லாத ஒரு துண்டு, தனக்கு இல்லாததையெல்லாம் தானே செய்துகொள்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுத்ததில்லை.

நடும்போது அடி எது, நுனி எது என்பதை மட்டும் மாற்றிவிடக் கூடாது. ஜெர்மன் தாவரவியலாளர் ஹெர்மன் ஃபோஷ்டிங் 1878இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் காட்டினார். வில்லோ மரக் குச்சிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டாலும், முன்பு அடியாக இருந்த பக்கத்திலேயே வேர் விட்டது. ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி நுனியிலிருந்து அடியை நோக்கியே நகர்கிறது, வெட்டுப்பட்ட அடியில் போய்த் தேங்குகிறது, அங்கே வேரைக் கிளப்புகிறது என்பது பின்னால் தெரிந்த விளக்கம். நுனி இருக்கும்வரை இதே ஆக்சின்தான் பக்க மொட்டுகளை உறங்க வைக்கிறது. நுனியை வெட்டினால் அவை விழித்துக்கொள்ளும். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.-1 செடிமுருங்கையை அறுவடைக்குப் பின் தரையிலிருந்து 90 செ.மீ. விட்டு வெட்டி, நாலைந்து மாதத்தில் மறுதாம்புக் காய் பறிப்பது இந்தக் கணக்கில்தான். நிலக்கோட்டை மல்லிகைத் தோட்டங்களில் கவாத்து பண்ணுவதும் அப்படியே.

விலங்குகளுக்கு வரும்போது பள்ளிப் பாடநூல் இதை, அதாவது ரீஜெனரேஷனை, ‘இழப்பு மீட்டல்’ என்கிறது. அழகான சொல். ஆனால் இழந்ததே மீண்டுவிட்டது என்று அது நம்மை எண்ண வைக்கிறது. சுவரில் ஓடும் பல்லியின் புது வாலை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். துண்டான இடத்தில் ஒரு வளையம் தெரியும், அதற்குப் பிறகு நிறமும் செதிலும் வேறாக இருக்கும். உள்ளே முள்ளெலும்புக் கண்ணிகள் கிடையாது, நீளமான ஒரு குருத்தெலும்புக் குழாய் மட்டுமே. வால் வந்தது உண்மை, பழைய வால் வரவில்லை. நம் கல்லீரலிலும் இப்படி ஒன்று உண்டு. பாதிக்கு மேல் வெட்டித் தானம் கொடுத்தாலும் எஞ்சிய பகுதி சில மாதங்களில் ஏறக்குறைய முழு அளவுக்குப் பெருத்துவிடும். வெட்டப்பட்ட மடல் மட்டும் திரும்ப முளைப்பதில்லை. உடம்புக்குத் தேவை கல்லீரலின் வேலை, அதன் பழைய உருவம் அல்ல. உருவத்தையும் சேர்த்து மீட்கும் உயிர் வேண்டுமென்றால் பிளனேரியா என்ற தட்டைப்புழுவிடம்தான் போக வேண்டும். அதன் உடலில் 279இல் ஒரு பங்கு இருந்தாலே முழுப் புழுவாகிவிடும் என்று 1898இல் கணக்கிட்டவர் டி.எச்.மார்கன். பிறகு மரபியலுக்காக 1933இல் நோபல் பரிசு பெற்றவரும் அவரே.

உயிரில்லாத இடங்களிலும் ரீஜெனரேஷன் என்ற சொல் வாழ்கிறது. திண்டுக்கல் ஜங்ஷனுக்குள் நுழையும் புதிய வகை மின்சார ரயில் எஞ்சின் வேகத்தைக் குறைக்கும்போது, சக்கரத்தைச் சுழற்றிய அதே மோட்டாரைச் சக்கரம் திருப்பிச் சுழற்றுகிறது. மோட்டார் அப்போது ஜெனரேட்டராகி, ஓட்டத்தின் ஆற்றலில் ஒரு பங்கை 25,000 வோல்ட் மின்கம்பிக்கே திருப்பி அனுப்புகிறது. கடினநீரை மென்னீராக்கும் சாதனத்தில் நடப்பது வேறு. உள்ளிருக்கும் பிசின் மணிகள் தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிரம்பியதும் ‘ரீஜெனரேஷன் பண்ணணும்’ என்பார் மெக்கானிக். அடர்ந்த உப்புக் கரைசலை உள்ளே விட்டால் மணிகள் பழைய திறனைப் பெற்றுவிடும். அவை உதறிய கடினத்தன்மை முழுக்கச் சாக்கடைக்குப் போகும்.

எல்லாமே இப்படித் திரும்பிவிடும் என்றால் நன்றாக இருக்கும். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் நிலத்தடி நீரை உப்பாக்கியதை, ஐதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். இங்கே அடியில் இருப்பது கடினப் பாறை. அதன் வெடிப்புகளில்தான் தண்ணீர் நிற்கிறது. மழை பெய்தால் கிணற்றின் நீர்மட்டம் ஏறும், நீரின் ருசி அந்த வேகத்தில் திரும்பாது. நீர்மட்டம் ஏறியதையே மீட்சி என்று எண்ணுவது பெரிய தவறு.

இத்தனை அர்த்தங்களையும் ஒரே பயிரில் பார்க்க வேண்டுமென்றால் ஊரிலிருந்து தலை நிமிர்ந்தால் போதும், சிறுமலை தெரியும். சிறுமலை வாழையும், பழநி மலைச்சரிவின் விருப்பாச்சி வாழையும் புவிசார் குறியீடு பெற்றவை. 2019இல் அதே குறியீட்டைப் பெற்ற பழநிப் பஞ்சாமிர்தத்துக்கு உரிய பழம் விருப்பாச்சிதான். ஈரப்பசை குறைந்த சதை என்பதால் எளிதில் கெடாது.

வாழையில் நாம் மரம் என்று சொல்வது இலை உறைகள் சுருண்டு அடுக்கிய பொய்த்தண்டு. உண்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. ஒரு முறை தார் போட்டதும் தாய் சாகும், கிழங்கின் பக்கமொட்டிலிருந்து கன்று எழும். விதையில்லாத இந்தப் பழத்துக்கு வேறு வழியும் இல்லை. கன்று, தாயின் பிள்ளை அல்ல. தாயேதான். வாழையடி வாழை என்று வாழ்த்துகிறோமே, அந்த வாழ்த்துக்குள் ஓர் ஆபத்தும் உண்டு. தாயிடம் இருந்ததெல்லாம் குறைவில்லாமல் கன்றுக்கும் வரும்.

அப்படி வந்தது முடிக்கொத்து நோய். இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நிற்கும். காம்பிலும் நரம்பிலும் கரும்பச்சைப் புள்ளியும் கோடுமாக ஓடும். தார் வராது, வந்தாலும் தேறாது. அசுவினிப் பூச்சி வைரஸை மரத்துக்கு மரம் சுமந்தது, விவசாயி அறியாமல் கன்றில் வைத்துத் தோட்டத்துக்குத் தோட்டம் சுமந்தார். பழநி மலைச்சரிவில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. எந்தத் திறன் வாழையை ஆயிரமாண்டுகளாகக் காத்ததோ, அதே திறன் நோயையும் காத்துக் கொடுத்தது.

மீட்பதற்கு அந்தத் திறனையே இன்னும் சின்ன இடத்தில் தேட வேண்டியிருந்தது. வைரஸ் வாழையின் உணவுக் குழாய்களில் வாழ்கிறது. குருத்தின் உச்சியில், மில்லிமீட்டரில் அளக்கும் வளர்நுனியில், குழாய்கள் இன்னும் உருவாகியிருக்காது. செல்கள் பிளந்து முன்னேறும் வேகத்துக்கு வைரஸால் எட்டிப்பிடிக்க முடிவதில்லை. நோயுற்ற டாலியாச் செடியின் நுனியிலிருந்து நோயற்ற செடியை 1952இல் பிரான்சில் மோரலும் மார்ட்டினும் எழுப்பிக் காட்டினார்கள். திருச்சியில் 1993இல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் திசு வளர்ப்பு வழியில்தான் மலைவாழையை மீட்க முனைந்தன. நல்ல தாய்மரத்தைத் தேர்ந்து, வைரஸ் இல்லை என்று சோதித்து, குருத்து நுனியைக் கண்ணாடிக் குடுவையில் வைக்கிறார்கள். சைட்டோகைனின் கூடினால் தண்டுகள் கொத்துக் கொத்தாகப் பெருகும், ஆக்சின் கூடினால் வேர் விடும். வேலியோரப் போத்து தன் அடியில் செய்ததையே ஆய்வகம் குடுவைக்குள் அளந்து செய்கிறது.

என் பார்வையில் திண்டுக்கல் சீமையின் பெரிய அதிசயம் இதுதான். அதே வாழை, அதே ருசி, நோய் மட்டும் விடுபட்டிருக்கிறது. ஆனால் திசு வளர்ப்புக் கன்றுக்கு நோயெதிர்ப்பு கூடிவிடவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் அசுவினி இருந்தால் அதற்கும் நோய் வரும்.

அதனால் உங்கள் கொல்லையில் ஒரு வாழை முடிக்கொத்து கண்டு நின்றால், அதை வெட்டிப் போட்டதோடு விட்டுவிடாதீர்கள். கிழங்கு மறுபடி துளிர்க்கும், நோயோடுதான் துளிர்க்கும். முதலில் மருந்தடித்து அசுவினியைக் கொல்லுங்கள், பிறகு கிழங்கோடு தோண்டி எடுத்து அழியுங்கள். அந்தத் தூரிலிருந்து ஒரு கன்றைக்கூட யாருக்கும் கொடுக்காதீர்கள்.