இரு நகரங்களில் ஒரு சந்து

கெய்ரோ மாநகரின் பழம்பகுதியில், அல்-அஸ்ஹருக்கு அணித்தே அமைந்துள்ளது மிதக் சந்து. நஜீப் மஹ்பூஸ் 1947-இல் வெளியிட்ட அரபு நாவல் இச்சந்தின் பெயரையே தாங்கியது. 1988-இல் நோபல் பரிசு பெற்ற அவர், எகிப்தியத் திரையுலகிற்குத் திரைக்கதைகளும் எழுதியவர். அந்நாவல் 1963-இல் எகிப்தில் படமானதில் வியப்பில்லை. 1995-இல் ஹோர்ஹே ஃபோன்ஸ் என்னும் இயக்குநர் அதனை மெக்சிகோ நகருக்குக் கொண்டுசென்று ஸ்பானிய மொழியில் படமாக்கினார் என்பதே நம்மை வியக்கவைக்கிறது. 'அற்புதங்களின் சந்து' எனப் பொருள்படும் பெயருடைய அப்படம் மெக்சிகோவின் ஏரியல் விருதுகள் பதினொன்றைப் பெற்றது.

கெய்ரோவின் காப்பிக்கடை மெக்சிகோவில் மதுக்கூடமாகிறது. அங்கே சிலர் டோமினோ ஆடிக்கொண்டிருக்கும் காட்சியுடன் கதை தொடங்குகிறது. மதுக்கூட உரிமையாளர் ருத்தீலியோவின் கதை முடிந்ததும், மீண்டும் அதே ஆட்டம், அதே வேளை! இம்முறை நாம் அல்மா என்னும் இளம்பெண்ணைப் பின்தொடர்கிறோம். மூன்றாம் முறை வீட்டுக்காரி சுசானிதாவை. ஒரே பொழுதை மும்முறை காட்டும் இவ்வுத்தியே படத்தின் உயிர்நிலை.

சான்று ஒன்று கூறுவோம். தந்தை ஓர் இளைஞனிடம் கொண்ட ஈடுபாட்டைக் கண்டு வெகுண்ட ருத்தீலியோவின் மகன், அவ்விளைஞனைத் தாக்கிவிட்டு அமெரிக்காவுக்கு ஓடுகிறான். முடிதிருத்துநரான ஆபெல் அவனுடன் செல்கிறான். முதற்பகுதியில் ஆபெல் வெறும் வழித்துணை. அல்மாவின் பகுதியைக் கண்டபின்னரே, அவளை மணப்பதற்குப் பொருள்தேடிச் சென்றவன் அவன் என்பது நமக்கு விளங்குகிறது. நம் இலக்கணிகள் பொருள்வயிற் பிரிவு என்றது இதனைத்தான். அண்டை வீட்டாரைப் பற்றி ஒரு சாளரத்தின் வழியே மட்டும் கண்டு தீர்ப்புரைக்கும் நம் வழக்கத்தை இக்காட்சிகள் நாணச் செய்கின்றன.

நாவலில் அப்பாஸ் எனப்படும் அவ்விளைஞன், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆங்கிலேயரின் படைமுகாமில் வேலைக்குச் செல்கிறான். படத்தில் படைமுகாமின் இடத்தை அமெரிக்கா பெறுகிறது. பொருத்தமான மாற்றம்! ஏழைச் சந்தின் இளைஞரை ஈர்க்கும் செல்வம் இரண்டிலும் அந்நியருடையதே. அவன் இல்லாத வேளையில், நாவலின் ஹமீதாவைப் போலவே அல்மாவும் நயவஞ்சகன் ஒருவனின் பகட்டில் மயங்கி, உடலை விற்கும் வாழ்வுக்கு ஆளாகிறாள். சல்மா ஹாயெக் அப்பாத்திரத்தில் நடித்தார். அவளைப் படம் தூற்றவுமில்லை, முழுதாக விடுவிக்கவுமில்லை.

சுசானிதாவின் பகுதியோ சற்று நகைச்சுவைக்காக நீட்டப்பட்டதென்றே நமக்குத் தோன்றுகிறது. மற்றொரு குறையும் உண்டு. பெற்ற மக்கள் அனைவரையும் இழந்தும் இறைநம்பிக்கை தளராது, முடிவில் ஹஜ் பயணம் மேற்கொள்ளும் ரிள்வான் ஹுசைனி நாவலின் ஒளிமிக்க பாத்திரம். படத்தின் பகுதிகளுள் ஒன்றேனும் அத்தகைய ஒருவருக்கு உரியதாகவில்லை.

திரும்பிவரும் இளைஞனின் முடிவு இரண்டிலும் சாவே. படத்தில், சீரழித்தவனைச் சவரக்கத்தியுடன் எதிர்கொண்டு ஆபெல் வீழ்கிறான். நாவலில், மதுவிடுதியில் ஹமீதாவைக் கண்டு கொதித்தெழும் அப்பாஸை ஆங்கிலேயச் சிப்பாய்கள் அடித்தே கொல்கின்றனர். நண்பன் ஹுசைன் உதவ இயலாது நிற்கிறான். சந்து சில நாள் அழுகிறது. பின்னர், காலியான ஒரு வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது.