ஜீப் கதவு ஏன் தொங்குகிறது?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்றொரு சிற்றூர். சுற்றிலும் செம்மணற்பாறை. 1967-இல் தொடங்கிய ஈஸ்டர் ஜீப் விழாவுக்கு அங்கே வண்டிகள் குவியும். செங்குத்துப் பாறைகளில் ஏறி இறங்கும். அவற்றில் பலவற்றுக்குக் கதவே இருக்காது. உடைந்துவிட்டதோ என்று பயப்படாதீர்கள், கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள்.

ராங்ளர் ஜீப்பில் அது எளிது. கீலின் ஒரு பாதி வண்டியில், மறுபாதி கதவில். கதவுப் பாதியிலிருந்து கீழே நீளும் இரும்புப் பின், வண்டிப் பாதியின் துளைக்குள் இறங்கி உட்காரும். நட்டைக் கழற்றி, கதவைப் பிடித்திருக்கும் வாரையும் ஒயரையும் விடுவித்துத் தூக்கினால் கதவு கையோடு வந்துவிடும். பின்னுக்கும் துளைக்கும் நடுவே பிளாஸ்டிக்கில் ஒரு சின்னக் குழல் இருக்கிறது. அதுதான் புஷ். பழைய ஜீப்பில் கதவு தொங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். கதவின் எடை 25 கிலோ என்று வையுங்கள். அந்த எடை முழுவதும் கதவின் நடுவில், கீலிலிருந்து 50 செ.மீ. தள்ளி இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடைவெளி 40 செ.மீ. அப்படியானால் 25-ஐ 50-ஆல் பெருக்கி 40-ஆல் வகுங்கள்: 31 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். கதவின் எடையைவிட அதிகம்! மேல் கீலில் பின்னைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை அவ்வளவு. கீழ்க் கீலில் அதே அளவு விசை எதிர்த்திசையில் தள்ளும். அதனால்தான் புஷ் சுற்றிலும் சமமாகத் தேயாமல் ஒரே பக்கம் தேய்கிறது.

மேலே அரை மி.மீ., கீழே எதிர்ப்பக்கம் அரை மி.மீ. தேய்ந்தால்? 40 செ.மீ. உயரத்துக்கு 1 மி.மீ. சாய்வு. கதவின் அகலம் 100 செ.மீ. என்றால், பூட்டு இருக்கும் முனை 2.5 மி.மீ. இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத தேய்மானம், ‘டொக்’கென்று இடிக்கிற கதவாகிவிடுகிறது.

இனி மணலுக்கு வருவோம். மோவாப் பாறை பெரும்பாலும் குவார்ட்ஸ் மணிகளால் ஆனது. மோஸ் என்பவர் வகுத்த கடினத்தன்மை வரிசையில் குவார்ட்ஸுக்கு 7. சாதாரண இரும்பு அதற்குக் கீழே. கீலுக்குள் புகும் மணல்மணி மெத்தென்ற பிளாஸ்டிக்கில் புதைந்து, முனையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிறகென்ன, புஷ் உப்புத்தாள் ஆகிவிடும். பிளாஸ்டிக்கைவிடக் கடினமான இரும்புப் பின்னையே அது அராவும்! கெட்டி கிரீஸைத் தாராளமாக அப்புவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. தூசி அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். காய்ந்து மெல்லிய படலமாக நிற்கும் உலர் மசகு இங்கே பொருத்தம்.

சிலர் பிளாஸ்டிக்குக்குப் பதில் வெண்கலப் புஷ் போடுகிறார்கள். வெண்கலத் தூளை அழுத்திச் சூடாக்கிச் செய்வதால் உள்ளே நுண்துளைகள் நிறைய இருக்கும். அவற்றில் எண்ணெய் ஊறியிருக்கும். மோட்டாரில் வேகமாகச் சுற்றும் தண்டுக்கு அருமையான ஏற்பாடு: சூடானால் எண்ணெய் வெளியே வரும், ஆறினால் உள்ளே போகும். கதவோ கால் சுற்றுக்கு மேல் திரும்புவதே அரிது. சூடு எங்கிருந்து வரும்? ஆனாலும் வெண்கலம் பிளாஸ்டிக்கைப் போல நசுங்காது.

புஷ் முழுவதும் தேய்ந்த பிறகும் ஓட்டினால் இரும்பும் இரும்பும் உரசும், வட்டத் துளை முட்டை வடிவமாகும். அதில் புதுப் புஷ் நிற்காது. துளையைப் பெரிதாகக் குடைந்து தடித்த புஷ் இறக்க வேண்டும், இல்லையென்றால் கீலையே மாற்ற வேண்டும்.

சோதிப்பது எளிது. பெரியவர் ஒருவரைப் பாதி திறந்த கதவின் முனையைப் பிடித்து மெல்லத் தூக்கச் சொல்லுங்கள். நீங்கள் கீலைப் பாருங்கள், விரலை மட்டும் உள்ளே விடாதீர்கள். பின் ஆடினால் புஷ் போய்விட்டது. கதவு தொங்குகிறதே என்று பூட்டின் கொக்கியைக் கீழே இறக்கிவைப்பவர்கள் உண்டு. அவர்கள் புதுப் புஷ் போட்டதும் கொக்கியைப் பழையபடி மேலே ஏற்ற வேண்டியிருக்கும்.