உண்ணி நாயின் மேல் மட்டும் இல்லை

நாய் வளர்ப்பு என்றாலே எங்கள் மந்தைவெளியில் பேச்சு இரண்டைச் சுற்றித்தான்: என்ன சாப்பாடு, எப்போது ஊசி. இரண்டும் முக்கியம்தான். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசி தொடங்க வேண்டும். மூன்று மாதம் ஆனதும் வெறிநோய் ஊசி. பிறகு டாக்டர் சொல்கிற கணக்கு. ஆனால் ஊசிக்கு அடங்காத தொல்லை ஒன்று இந்த ஊரில் பன்னிரண்டு மாதமும் உண்டு. உண்ணி.

எங்கள் மணி நாட்டு நாய். காலையில் வெளியே போய் வந்ததும் அவனை மடக்கிப் படுக்க வைத்து, காதுமடலின் உள்பக்கம், கழுத்துப்பட்டைக்கு அடியில், விரல் இடுக்கு, அக்குள் என்று தடவிப் பார்ப்பேன். ரத்தம் குடித்த உண்ணி ஆமணக்கு முத்து மாதிரி தட்டுப்படும். சிமிட்டாவால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுவேன். நகத்தால் நசுக்கக் கூடாது. கீழ்வீட்டு மாமி, "மண்ணெண்ணெய் தொட்டு வைடி, தானா விழும்" என்பார். விழலாம், ஆனால் நாய் அந்த இடத்தை நக்குமே, மாமி!

விழுந்தால் மட்டும் தீர்ந்துவிடுமா? நம்மூர் வீடுகளில் குடியேறும் பழுப்பு உண்ணி, வாழ்நாளில் மூன்று முறை நாயின் மேல் ஏறுகிறது, மூன்று முறை இறங்குகிறது. கடைசியாக இறங்கும் பெண் உண்ணி, சுவர் விரிசலிலும் கதவு நிலை இடுக்கிலும் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மார்கழிப் பனியெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நாயைக் குளிப்பாட்டிவிட்டு வீட்டை விட்டுவைத்தால் மறுபடி வரத்தான் செய்யும். விரிசலைப் பூச வேண்டும், படுக்கைத் துணியை வெந்நீரில் துவைக்க வேண்டும்.

அது கொண்டுவரும் நோய்களில் ஒன்று எர்லிக்கியா. நாம் 'டிக் ஃபீவர்' என்கிறோம். அல்ஜீரியாவில் 1935-ல் கண்டறிந்தார்கள். 1944-லேயே நம் மதராஸ் நாய்களிடமும் பதிவாகிவிட்டது. காய்ச்சல், சாப்பாட்டில் வெறுப்பு, வெளுத்த ஈறு, சில சமயம் மூக்கில் ரத்தம். டெங்குவில் கேள்விப்பட்டோமே, அதே பிளேட்லெட் இதிலும் இறங்கும். ரத்தப் பரிசோதனை செய்து டாக்டர் தரும் மாத்திரை பெரும்பாலும் நான்கு வாரம் வரும். இரண்டாம் நாளே வாலாட்டுகிறது என்று நிறுத்திவிடக் கூடாது. அக்கம்பக்கத்து கிளினிக் போதாது என்றால், 1903 முதல் இயங்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

கழுத்தில் விடும் சொட்டு மருந்தோ, மென்று தின்னும் மாத்திரையோ, நாயின் எடை பார்த்துத்தான் தர வேண்டும். வீட்டில் பூனையும் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்; பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனைக்கு விஷம்.

அடுக்குமாடி என்றால் இன்னொன்று. மாடிப்படியும் கார் நிறுத்துமிடமும் எல்லா நாய்க்கும் பொது. ஒரு வீடு மட்டும் மருந்து போட்டால் பக்கத்து வீட்டு உண்ணி வந்து சேரும். அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் தண்ணீர் லாரி பேச்சு முடிந்ததும் இதையும் எடுங்கள்: நாய் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் மருந்து, கேட்டருகே படுத்திருக்கும் தெருநாய்க்கும் டாக்டரைக் கேட்டு ஒரு மாத்திரை.