பழைய மோட்டார் சைக்கிள்: என்ஜினைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

கடைக்குக் கடை பிஸ்கட், சவர்க்காரம், பெட்டரி, புடவை என்று சரக்குப் போடும் எமது சிறு வியாபாரிகளில் பலருக்கு இன்றும் கைகொடுப்பது பழைய ஹொண்டாதான். எம்டி 90, சி 90, சிடி 125, சிஜி 125 என்று இருபது முப்பது வருடம் ஓடியும் வேலை செய்யும் இயந்திரங்கள் இவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழையவற்றுக்கும் விலை ஏறியது. 2025 இல் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தாலும், சிறு முதலோடு தொழில் செய்பவருக்குப் புதியது வாங்குவது இலகுவான காரியமல்ல. ஆகவே இருப்பதை ஓட வைப்பதும் வியாபாரத்தின் ஒரு பகுதிதான்.

சைக்கிள் ஒரு நாள் நின்றால் அன்றைய வசூலும் நிற்கிறது. அந்த அவசரத்தில் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனதும், “நானா, என்ஜினைப் பிரிக்க வேண்டும்” என்று பாஸ் சொன்னால் பலர் உடனே தலையாட்டிவிடுகிறார்கள். பிளக்கிலோ பெற்றோல் குழாயிலோ இருந்த சிறு கோளாறுக்காகப் பிஸ்டன், ரிங், கெஸ்கட் எல்லாம் மாற்றப்படுகின்றன. கோளாறு அப்படியே இருக்கிறது, காசுதான் போய்விடுகிறது.

இதற்கு ஒரு எளிய விதி உண்டு. வெளியிலிருந்து உள்ளே, மலிவிலிருந்து விலைக்கு என்று போக வேண்டும். ஒரு பெற்றோல் என்ஜினுக்குத் தேவை நான்கு: சரியான நேரத்தில் தீப்பொறி, அளவான பெற்றோல், சுத்தமான காற்று, சிலிண்டருக்குள் அமுக்கம். இந்த நான்கில் எது குறைகிறது என்று கண்டுபிடித்த பின்னரே ஸ்பானரை எடுக்க வேண்டும்.

முதலில் பிளக்

ஸ்டார்ட் ஆகாத சைக்கிளைப் பத்துப் பதினைந்து தடவை கிக் அடித்த பின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி பெற்றோலில் நனைந்திருந்தால் பெற்றோல் வந்திருக்கிறது, தீப்பொறிதான் இல்லை அல்லது போதவில்லை. நுனி காய்ந்திருந்தால் பெற்றோல் உள்ளே போகவில்லை. இந்த ஒரு பார்வையிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும் சைக்கிளின் பிளக் இன்னும் அதிகம் சொல்லும். தேங்காய்ச் சிரட்டையின் கபில நிறம் என்றால் நல்லது. கரித்தூள் படிந்தது போல் கறுப்பு என்றால் பெற்றோல் கூடுதல், அல்லது எயார் பில்டர் அடைத்திருக்கிறது. கறுப்போடு எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் என்ஜின் ஒயில் மேலே ஏறுகிறது. சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் பெற்றோல் குறைவு. என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று அர்த்தம்.

தீப்பொறியைப் பார்க்கப் பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் உலோகப் பகுதி என்ஜினில் நன்றாகப் படும்படி வைத்து, நிழலில் கிக் அடிக்க வேண்டும். நீலமாகப் பளிச்சென்று பாய்ந்தால் சரி. மஞ்சளாக மெலிந்து வந்தால் பிளக், தொப்பி, வயர், கொயில் என்ற ஒழுங்கில் பாருங்கள். பிளக் துவாரத்திலிருந்து பெற்றோல் ஆவி வரும். ஆகவே பிளக்கை அதற்கு அருகில் வைக்காதீர்கள், கையால் பிடிக்கவும் வேண்டாம். இந்தச் சிறு ஹொண்டாக்களுக்குப் பிளக் இடைவெளி பொதுவாக 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர்.

காத்தான்குடி, கல்முனை, புத்தளம் போன்ற கரையோர ஊர்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உப்புக் காற்றில் வயர் இணைப்புகள் பச்சை பூத்துவிடும். புதிய கொயில் வாங்க முன்னர் இணைப்புகளைக் கழற்றிச் சுரண்டி மாட்டிப் பாருங்கள். செலவே இல்லாத வேலை இது.

பெற்றோலும் காற்றும்

காபரேட்டரின் அடிக் கிண்ணத்தில் ஒரு வடி திருகாணி இருக்கும். அதைத் தளர்த்தி, வரும் பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். அருகில் நெருப்பு, சிகரட் எதுவும் கூடாது. தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாக நிற்கும். துருவும் அடியில் தெரியும். ஒன்றும் வராவிட்டால் டேங்க் குழாய் அல்லது அதன் வலை அடைத்திருக்கிறது. 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் பலர் கேன்களில் சேமித்து வைத்தார்கள். மாதக்கணக்கில் கிடந்த பெற்றோல் பிசின் போலாகிக் காபரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். அந்தத் துளைகளைக் கம்பியால் குத்தாதீர்கள். துளை பெருத்தால் பெற்றோல் செலவு என்றைக்கும் குறையாது. கழுவிக் காற்று அடித்தால் போதும்.

அடுத்தது, பல பேரை ஏமாற்றும் ஒரு கோளாறு. நன்றாக ஓடும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் நின்றுவிடும், சற்று ஆறிய பின் மீண்டும் ஸ்டார்ட் ஆகும். உடனே “பிஸ்டன் பிடிக்கிறது” என்று முடிவு கட்டிவிடுவார்கள். நின்ற இடத்திலேயே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே போய், சற்று நேரத்தில் சைக்கிளும் ஸ்டார்ட் ஆனால், மூடியின் காற்றுத் துளைதான் அடைத்திருக்கிறது. அது இல்லையென்றால், நின்றவுடனேயே தீப்பொறியைச் சோதியுங்கள். சூட்டில் மட்டும் பொறி மறைந்தால் கொயில் அல்லது அதோடு சேர்ந்த மின்பாகம் பழுது. பொறியும் பெற்றோலும் இருந்தும் நிற்கிறதென்றால் டெப்பட் இறுக்கமாக இருக்கலாம். சூடானதும் வால்வ் முழுதாக மூடாமல் அமுக்கம் போய்விடும். சி 90 என்ஜினுக்கு டெப்பட் இடைவெளி 0.05 மில்லிமீற்றர்; என்ஜின் முற்றாக ஆறியிருக்கும்போதே அளக்க வேண்டும்.

சிடி 125 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி. இரண்டு சிலிண்டர், ஒரே காபரேட்டர். ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யாவிட்டால் குற்றம் பெரும்பாலும் காபரேட்டரில் இல்லை. சைலன்சர் குழாய்கள் என்ஜினில் சேரும் இடத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சீறாத பக்கம் செத்த பக்கம். இரண்டு பிளக்கையும் மாற்றி மாட்டுங்கள். கோளாறும் பக்கம் மாறினால் பிளக்கை மாற்றுவதோடு விடயம் முடிந்தது.

புகையும் சத்தமும்

மாவனல்லையிலிருந்து சரக்கோடு கடுகண்ணாவை ஏற்றம் ஏறுபவருக்கு என்ஜினின் பலவீனம் முதலில் அங்கேதான் தெரியும். இழுவை குறைந்தால் பின்னால் வரும் புகையைக் கவனியுங்கள். கறுப்புப் புகை என்றால் பெற்றோல் கூடுதல். சொக், எயார் பில்டர், காபரேட்டர் மிதவை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். காலையில் மட்டும் சற்று வெள்ளையாக வந்து மறைவது ஈரப்பதன், பயப்பட வேண்டாம். நீலப் புகைதான் செலவு வைக்கும் புகை. ஸ்டார்ட் செய்யும்போதும், இறக்கத்தில் வந்து மீண்டும் முறுக்கும்போதும் மட்டும் நீலம் வந்தால் வால்வ் பக்கத்தால் ஒயில் இறங்குகிறது. ஏற்றத்தில் முறுக்க முறுக்கத் தொடர்ந்து வந்தால் ரிங், சிலிண்டர் தேய்ந்திருக்கின்றன.

இதை உறுதி செய்ய ஒரு பழைய முறை இருக்கிறது. அமுக்கமானியைப் பிளக் துவாரத்தில் வைத்து அளவெடுங்கள். பின்னர் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஒயிலை அதே துவாரத்தால் விட்டு மீண்டும் அளவெடுங்கள். அளவு நன்றாக உயர்ந்தால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்தவை. உயராவிட்டால் வால்வ் கசிகிறது, அல்லது ஹெட் கெஸ்கட் போயிருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் “போர் பண்ண வேண்டும்” என்று சொல்பவரிடம் வேலை கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

சத்தத்திலும் தரம் உண்டு. மேலே டிக் டிக் என்று சீராக வந்தால் டெப்பட்; அரை மணித்தியால வேலை. சங்கிலி உரசுவது போல் வந்தால் கேம் செயின். ஆறிய நிலையில் தட்டிவிட்டுச் சூடானதும் அடங்கினால் பிஸ்டன் தேய்வு. சில காலம் ஓடலாம். ஆனால் பாரம் ஏற்றி முறுக்கும்போது கீழிருந்து கனமாகத் தட்டினால் அது கொன்ரொட் பெயாரிங். அன்றே நிறுத்துங்கள். இன்னும் ஒரு வாரம் ஓட்டி வசூலை முடிப்போம் என்று நினைத்தால் கிராங்க் முழுதும் சேர்ந்து போகும்.

பிரிக்கத்தான் வேண்டுமென்றால்

சோதனைகள் எல்லாம் உள்ளேதான் கோளாறு என்று காட்டினால், பிறகு இது கணக்குப் பார்க்கும் விடயம். பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர் என்று படிப்படியாகப் பெரிய அளவுகளில் வருகின்றன. உங்கள் சிலிண்டர் எந்த அளவில் நிற்கிறது என்று முதலில் கேளுங்கள். கடைசி அளவுக்கு வந்துவிட்டதென்றால் புதிய உருளையுறை போட வேண்டும்; செலவு வேறு. பிஸ்டனை வாங்கிக் கொடுத்த பின்னரே சிலிண்டரைக் குடைய வேண்டும், முதலில் குடைந்துவிட்டுப் பிஸ்டன் தேடக் கூடாது. பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரே பெயரில் பல தரத்தில் சாமான் கிடைக்கும். பாரம் தாங்கும் பாகங்களில் மலிவைத் தேடாதீர்கள்.

பாஸிடம் கூலியை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். நல்ல பாஸ் இதற்குக் கோபிக்க மாட்டார். முழு என்ஜினையே மாற்றுவதென்றால் புதிய என்ஜின் இலக்கத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்ய வேண்டும். அதைச் செய்யாதவர் விற்கும் நாளில் அவதிப்படுவார்.

செலவைப் போடும்போது கூலியையும் சாமானையும் மட்டும் கூட்டாதீர்கள். சைக்கிள் கராஜில் கிடக்கும் நாட்களின் வருமான இழப்பையும் சேருங்கள். அந்த மொத்தத்தை, அதே நிலையிலுள்ள நல்ல சைக்கிளின் சந்தை விலையோடு ஒப்பிடுங்கள். பாதியைத் தாண்டுகிறதென்றால் மாற்றி வாங்குவதை யோசிக்கலாம். தாண்டவில்லையென்றால் முறையாகத் திருத்திய பழைய ஹொண்டா இன்னும் பல வருடம் உழைக்கும்.

கடைசியாக ஒயில். இந்தச் சிறு என்ஜின்கள் கொள்வது கொஞ்ச ஒயில்தான். கால் லீட்டர் எரிந்து போனாலே என்ஜினுக்குப் பெரிய குறை. வாரம் ஒருமுறை அளவு பாருங்கள். பாரம் ஏற்றுபவர் 1,500 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றினால் நட்டமில்லை. கார் ஒயில் மலிவாகக் கிடைத்தாலும் ஊற்றாதீர்கள். சில கார் ஒயில்கள் கிளச்சை வழுக்கச் செய்யும். ‘ஜாசோ எம்ஏ’ குறியுள்ள மோட்டார் சைக்கிள் ஒயிலையே வாங்குங்கள்.

கடன் கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு பக்கத்தைச் சைக்கிளுக்கு ஒதுக்குங்கள். ஒயில் மாற்றிய திகதி, ஓடிய தூரம், மாற்றிய பாகம், கொடுத்த காசு எல்லாவற்றையும் எழுதுங்கள். அடுத்த முறை பாஸ் “இது எப்போது மாற்றியது?” என்று கேட்கும்போது பதில் உங்கள் கையில் இருக்கும்.