சாரல் வெளிச்சத்திலே நம்ம பொருளைப் படம் பிடிப்போம்!



இப்பல்லாம் யாரும் முதல்ல பொருளைக் கேட்கிறதில்லை, "போட்டோ அனுப்புங்க" என்றுதான் கேட்கிறாங்க. போன வருஷம் எங்க குழு, சாயம் போட்ட ஓலைப்பெட்டியை உச்சி வெயிலில் வாசலில் வைத்துப் படம் எடுத்தோம். குங்குமச் சிவப்பு வெளுத்து ஆரஞ்சாகத் தெரிந்தது. அதைப் பார்த்து 40 பெட்டி கேட்டவங்க, சரக்கு போய்ச் சேர்ந்ததும் "இந்த நிறமா கேட்டோம்?" என்று திருப்பி அனுப்பிட்டாங்க. பெட்டியில் குறையில்லை, படத்தில்தான் குறை.

செங்கோட்டையில் இருக்கிற நமக்கு நல்ல வெளிச்சம் வீட்டு வாசலுக்கே வருது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவு கணவாய் வழியா வர்ற மேகம் வெயிலை வடிகட்டிப் பரப்புது. கறுப்பு நிழல் விழாது, சாயமும் உள்ளபடி தெரியும். ஓலை நனையாம திண்ணை ஓரத்தில் வையுங்க. இருட்டா இருக்கிற பக்கம் ஒரு வெள்ளை வேட்டியை விரிச்சுப் பிடித்தால் அங்கேயும் வெளிச்சம் படும். டியூப்லைட்டை அணைச்சிருங்க. பிளாஷும் வேண்டாம். எடுத்ததும் போனைப் பெட்டி பக்கத்திலே வைத்து நிறத்தை ஒத்துப் பாருங்க.

சரி, புதுசா எப்படி எடுக்கிறது? பக்கத்து சுந்தரபாண்டியபுரத்தைப் பாருங்க. 1992-ல் வந்த 'ரோஜா' படத்தில் கதாநாயகியின் ஊர் அதுதான். 2005-ல் வந்த 'அந்நியன்' பாட்டுக்காக அங்கே பாறையில் நடிகர்கள் முகத்தையே வரைந்தாங்க. கேமராவைத் திறக்கும் முன்னாலேயே அவ்வளவு வேலை! (நாம பாறைக்கெல்லாம் பெயின்ட் அடிக்க வேண்டாம்.) வீட்டு ஆச்சிகிட்ட கேளுங்க, இந்தப் பெட்டியில் என்ன வச்சிருந்தீங்கன்னு. கருப்பட்டியா, கல்யாணச் சீருக்கு அதிரசமா? அதையே பெட்டியில் வைத்து எடுங்க. பார்க்கிறவங்களுக்கு அளவும் புரியும், உபயோகமும் புரியும். முந்தின நாளே எல்லாம் எடுத்து வச்சிருங்க, மேகம் காத்திருக்காது.

சூரியகாந்தித் தோட்டத்தில் எடுக்க ஆசையா? வயல்காரங்ககிட்ட கேட்டுட்டு வரப்பிலேயே நில்லுங்க. மிதிபடற ஒவ்வொரு செடியும் அவங்க விளைச்சல். படத்தில் உறுப்பினர் முகம் வந்தா அவங்க சம்மதமும் வேணும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'டாக்குமென்ட்' என்பதில் சேர்த்து அனுப்புங்க, படம் மங்காது. கூடவே பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை டேப்பில் அளந்து எழுதிருங்க.